ஏற்பிகள் எங்கே போகின்றன?



என்னிடம் பிளஸ் டூ விலங்கியல் படித்த மாணவர் ஒருவர் போன வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். அவருக்கே இப்போது ஐம்பது நெருங்குகிறது. "சார், எனக்குச் சர்க்கரை எல்லை தாண்டிவிட்டது. ஆனால் ரத்தத்தில் இன்சுலின் குறைவாக இல்லை, அதிகமாகவே இருக்கிறது என்கிறார் டாக்டர். இன்சுலின் ரெசிஸ்டன்ஸாம். சாவி இவ்வளவு இருந்தும் பூட்டு ஏன் சார் திறக்கவில்லை?"

வாட்ஸ்அப்பில் நாலு வரி பதில் போட்டேன். எனக்கே அது போதவில்லை. அதனால் இந்தப் பதிவு. நீளமாகத்தான் இருக்கும், காபி டம்ளரோடு உட்காருங்கள்.

பூட்டு, சாவி என்று அவர் சொன்னது நம் வகுப்பறைப் பாடம். ஹார்மோன் என்பது சாவி. செல்லின் மேற்சவ்வில் அதற்கென்று அமைந்த புரதம்தான் ஏற்பி, அதாவது பூட்டு. இரண்டும் பொருந்தினால் செல்லுக்குள் செய்தி போகும். படம் சரியானதே. ஆனால் அது ஒரு நொடியின் படம். அடுத்த பத்து நிமிடத்தில் அந்தப் பூட்டுக்கும் சாவிக்கும் என்ன ஆகிறது என்பதைப் பள்ளிப் புத்தகங்கள் வரைவதில்லை. செல் பூட்டையும் சாவியையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. சில சமயம் பூட்டைத் திரும்ப மேலே அனுப்புகிறது. சில சமயம் இரண்டையும் சேர்த்தே அரைத்துவிடுகிறது. இதைக் கண்டுபிடித்த கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

கதை பெல்ஜியம் நாட்டின் லூவேன் நகரில், 1949 டிசம்பரில், ஒரு குளிர்பெட்டியில் தொடங்குகிறது. கிறிஸ்டியன் டி டுவே என்ற மருத்துவ அறிஞர், கல்லீரலில் இன்சுலின் எப்படி வேலை செய்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார். எலியின் கல்லீரலை மென்மையாக அரைத்து, அதன் நொதிகளை அளந்தார். ஒப்பீட்டுக்காக அளந்த ஒரு நொதி, அமில பாஸ்பட்டேஸ், வரவேண்டிய அளவில் பத்தில் ஒரு பங்குதான் வந்தது. சோதனையில் கோளாறோ என்று நினைத்து, மாதிரியைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுப் போனார்கள். ஐந்து நாள் கழித்து அதே மாதிரியை அளந்தால் நொதி முழு அளவுக்கு ஏறியிருக்கிறது!

நொதி எங்கிருந்தோ புதிதாக வரவில்லை. அது ஏதோ ஒரு பைக்குள் அடைபட்டுக் கிடந்திருக்கிறது. நாள்பட்டதில் பை கிழிந்து வெளியே வந்திருக்கிறது. அந்தப் பைக்கு 1955-இல் டி டுவே வைத்த பெயர் லைசோசோம். உள்ளே அமிலம், புரதம் முதல் கொழுப்பு வரை எதையும் நொறுக்கும் நொதிகள். செல்லின் வயிறு என்று வகுப்பில் சொல்வேனே, அதுதான். செல் வெளிப்பொருளைத் தன் சவ்வால் சுற்றி உள்ளே இழுப்பதற்கு 'எண்டோசைட்டோசிஸ்' என்று 1963-இல் பெயர் வைத்தவரும் இவரே. தமிழில் உள்விழுங்கல் என்று வைத்துக்கொள்வோம். 1974-இல் நோபல் பரிசு.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், அவர் தேடிப் போனது இன்சுலினை, கிடைத்தது லைசோசோம். இன்சுலினும் அதன் ஏற்பியும் போய்ச் சேரும் இடங்களில் ஒன்று அதே லைசோசோம்தான் என்பது பின்னாளில் தெரிய வந்தது. தேடிய பொருளின் கடைசி வீட்டைத்தான் அவர் முதலில் கண்டுபிடித்திருக்கிறார்.

இப்போது கடலைத் தாண்டி நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதிக்கு வாருங்கள். முன்னாள் படைவீரர் மருத்துவமனை ஒன்றில், துப்புரவுப் பொருட்கள் வைக்கும் அறையாக இருந்த இடத்தை ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டு ஒரு பெண் வேலை செய்தார். ரோசலின் யாலோ. இயற்பியல் படித்தவர். மருத்துவர் சாலமன் பெர்சனோடு சேர்ந்து இன்சுலினில் கதிரியக்க அயோடினை ஒட்ட வைத்து, உடலுக்குள் அது போகும் வழியைப் பின்தொடர்ந்தார். அவர்களுடைய முக்கியமான கட்டுரையை முதலில் பத்திரிகைகள் ஏற்கவில்லை. 1955-இல் வந்த அந்த நிராகரிப்புக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்து, 1977-இல் நோபல் உரையில் எடுத்துக் காட்டினார் அந்த அம்மா. (மாணவிகளே, இதை மட்டும் தனியாக ஒருமுறை படியுங்கள்.) பெர்சன் அதற்குள், 1972-இல், இறந்துவிட்டார்.

இவர்கள் கொடுத்த முறையால்தான் ஒரு துளி ரத்தத்தில் உள்ள மிகமிகக் குறைந்த ஹார்மோனையும் அளக்க முடிந்தது. 1960-இல் அளந்து பார்த்தால் அதிர்ச்சி. நடுத்தர வயதில் சர்க்கரை நோய் தொடங்கியவர்களில் பலருக்கு இன்சுலின் குறையவே இல்லை. குளுக்கோஸ் குடித்த பிறகு மற்றவர்களைவிட அதிகமாகவே சுரந்தது. என் மாணவர் இன்று கேட்கும் அதே கேள்வி, அன்றைக்கே எழுந்துவிட்டது.

பிராங்ஸில் இவர்களிடம் பயின்ற ஜெஸ்ஸி ராத் என்ற இளம் மருத்துவர் பிறகு பெதஸ்டாவில் உள்ள அமெரிக்க அரசின் தேசிய சுகாதார ஆய்வு நிறுவனத்துக்குப் போனார். சாவியை அளந்தாயிற்று, இனி பூட்டை எண்ணுவோம் என்பது அவர் திட்டம். 1971-இல் அவர் குழு கதிரியக்க இன்சுலினைக் கல்லீரல் சவ்வில் ஒட்டவிட்டு ஏற்பிகளை அளந்து காட்டியது. அடுத்து, பிறவியிலேயே அடங்காப் பசியோடு கொழுத்துப்போகும் ஒரு வகைச் சுண்டெலியை எடுத்தார்கள். அதன் ரத்தத்தில் இன்சுலின் ஏராளம். ஆனால் கல்லீரல் செல்களில் ஏற்பிகள் குறைவு.

இங்கே ஒரு சந்தேகம் வரும், வரவேண்டும். ஏற்பி குறைந்ததால் இன்சுலின் அதிகம் சுரந்ததா? இன்சுலின் அதிகமானதால் ஏற்பி குறைந்ததா? முழு எலியை வைத்துக்கொண்டு இதைப் பிரிக்க முடியாது. ராத் குழுவில் இருந்த ஜேம்ஸ் கேவின் செய்த சோதனை அதைப் பிரித்தது. இவர் பின்னாளில் அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர். மனித வெள்ளையணுக்களைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்து, இன்சுலினில் 5 முதல் 16 மணி நேரம் வைத்தார்கள். பிறகு இன்சுலினை நன்றாகக் கழுவிவிட்டு ஏற்பிகளை அளந்தார்கள். எண்ணிக்கை குறைந்திருந்தது. சற்று நேரம் மட்டும் இன்சுலின் பட்ட செல்களில் இப்படி நடக்கவில்லை. இன்சுலினை நீக்கிவிட்டுக் காத்திருந்தால் ஏற்பிகள் திரும்ப வந்தன. 1974-இல் வெளியான கட்டுரை இது. பாத்திரத்தில் கணையம் இல்லை, கொழுப்பு இல்லை, மூளை இல்லை. செல்லும் இன்சுலினும் மட்டும். ஆகவே இன்சுலின் மிகுதிதான் ஏற்பிகளைக் குறைக்கிறது.

நாள் முழுவதும் யாராவது அழைப்பு மணியை அடித்துக்கொண்டே இருந்தால் வீட்டுக்காரர் என்ன செய்வார்? மணியைக் கழற்றி உள்ளே வைத்துவிடுவார். அதைத்தான் செல்லும் செய்கிறது.

1975-இல் அதே நிறுவனத்தில் உடல் பருமன் உள்ளவர்களைப் பரிசோதித்தார்கள். அவர்களுடைய ரத்த அணுக்களிலும் இன்சுலின் ஒட்டுவது குறைவு. உணவின் கலோரியைக் குறைத்தபோது ஒட்டும் அளவு கூடியது. அதாவது கழற்றிய மணியைச் செல் திரும்ப மாட்டியது. ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இன்சுலின் ரெசிஸ்டன்ஸ் முழுவதும் ஏற்பி குறைவதால் மட்டும் வருவதில்லை. ஏற்பியைத் தாண்டி, செல்லுக்குள் செய்தி கடத்தும் பாதையில் ஏற்படும் மந்தம்தான் பலரிடம் பெரிய பங்கு என்று 1980-களில் தெளிவாகிவிட்டது. ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

சரி, மறைந்த ஏற்பிகள் எங்கே போயின? கேவின் எண்ணிக் காட்டினார்; போன இடத்தைக் காட்டவில்லை. அதைக் காட்டியது வேறொரு ஹார்மோன்.

1950-களில் செயின்ட் லூயிஸ் நகரில் ஸ்டான்லி கோஹன், ஆண் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைப் புதிதாகப் பிறந்த குட்டிகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். அவர் தேடியது நரம்பு வளர்ச்சிக்கான ஒரு பொருளை. ஆனால் குட்டிகள் கண் திறப்பது வழக்கமாக இரண்டு வாரம் ஆகும். இவை ஏழாம் நாளே திறந்தன. பல்லும் முன்கூட்டியே முளைத்தது. 'நமக்குத் தேவையில்லாத பக்கவிளைவு' என்று வேறு யாராவது ஒதுக்கியிருப்பார்கள். கோஹன் ஒதுக்கவில்லை. அதற்குக் காரணமான சிறு புரதத்தைப் பிரித்தெடுத்தார். தோலின் மேலடுக்கு செல்களை வளரச் செய்வதால் மேற்தோல் வளர்ச்சிக் காரணி என்று பெயர். இனிமேல் வளர்ச்சிக் காரணி என்றே சொல்கிறேன். கண்டிப்பான இலக்கணப்படி இதை ஹார்மோன் என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு; அதன் ஏற்பியின் கதை ஹார்மோன் ஏற்பியின் கதைதான்.

கோஹன் பிறகு நாஷ்வில்லில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1976-இல் கிரஹாம் கார்பெண்டரும் அவரும் இந்த வளர்ச்சிக் காரணியில் கதிரியக்க அயோடினை ஒட்டி, மனிதத் தோல் செல்கள் வளரும் பாத்திரத்தில் விட்டார்கள். பனிக்கட்டிக் குளிரில் வைத்தபோது அது செல்லின் மேல் ஒட்டிக்கொண்டு நின்றது; மெல்ல மெல்லக் கழன்றது, சிதையவில்லை. உடல் சூடான 37 டிகிரிக்குக் கொண்டுவந்ததும் காட்சி மாறியது. செல் அதை உள்ளே இழுத்தது. சிறிது நேரத்தில் வெளித் திரவத்தில் அயோடின் வந்து சேர்ந்தது, ஆனால் முழுப் புரதத்தோடு அல்ல; ஒற்றை அமினோ அமிலத் துண்டில் ஒட்டிக்கொண்டு. கரும்பைக் கடித்தவர் சக்கையைத் துப்பியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அரைத்தது யார்? இங்கே வருகிறது நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு மாத்திரை. குளோரோகுயின். மலேரியாக் காய்ச்சலுக்கு விழுங்கிவிட்டு அந்தக் கசப்பில் முகம் சுளித்தவர்கள் இந்தப் பதிவைப் படிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அது லைசோசோமுக்குள் போய்ச் சேர்ந்து அங்குள்ள அமிலத்தன்மையைக் குறைத்துவிடும். அமிலம் குறைந்தால் நொதிகள் வேலை செய்யா. குளோரோகுயின் விட்ட செல்களில் அரைப்பு நின்றுபோனது. ஆக, டி டுவேயின் பைதான் அரைவை இயந்திரம்.

இதுவரை பார்த்தது ஹார்மோனின் கதி. ஏற்பி? முதலில் கலிபோர்னியாவில் மஞ்சுஸ்ரீ தாஸ், ஃபிரெட் ஃபாக்ஸ் ஆகியோர் ஏற்பியிலேயே அடையாளம் பதித்து, அதுவும் உள்ளே போய்த் துண்டாவதை 1978-இல் காட்டினார்கள். பிறகு 1984-இல் கார்பெண்டரும் கிறிஸ்டா ஸ்டோஷெக்கும் ஏற்பியை நேரடியாக அளந்தார்கள். வளர்ச்சிக் காரணி இல்லாதபோது ஏற்பிகளில் பாதி அழிய ஏறத்தாழ 10 மணி நேரம். வளர்ச்சிக் காரணி வந்துவிட்டால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்.

உள்ளே இழுக்கும் வாசல் எது என்பதற்கு ஒரு கொசுவைக் கேட்க வேண்டும். நகைச்சுவை இல்லை. 1964-இல் ஹார்வர்டில் தாமஸ் ராத், கீத் போர்ட்டர் இருவரும் (இவர் வேறு ராத்) ஏடிஸ் எஜிப்தி கொசுவின் முட்டைச் செல்லை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். நமக்கு டெங்கு தருமே, அதே கொசு. ரத்தம் குடித்த பிறகு அதன் முட்டை, கருவுணவுப் புரதத்தை அவசரமாக உள்ளே இழுக்கிறது. அப்போது முட்டையின் மேற்பரப்பில் சிறு குழிகள் 15 மடங்கு பெருகி மூன்று லட்சம் வரை இருந்தன. குழியின் உட்புறத்தில் தூரிகை மயிர் போல ஒரு பூச்சு. குழி ஆழமாகிக் கழுத்து சுருங்கி, பூச்சோடு கூடிய சிறு பையாகச் செல்லுக்குள் விழுந்துவிடும். 1976-இல் கேம்பிரிட்ஜில் பார்பரா பியர்ஸ், பன்றி மூளையிலிருந்து அத்தகைய பைகளைப் பிரித்து, பூச்சு எந்தப் புரதத்தால் ஆனது என்று கண்டு கிளாத்ரின் என்று பெயரிட்டார். கூடை முடைந்தது போல ஐங்கோணமும் அறுகோணமும் சேர்ந்த பின்னல். கால்பந்தின் தையலைப் பாருங்கள், புரியும்.

அந்தக் குழியில் ஏற்பி சேராவிட்டால் என்ன ஆகும் என்பதை டல்லாஸில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் இருவரும் காட்டினார்கள். அவர்கள் ஆராய்ந்தது ஹார்மோன் ஏற்பி அல்ல, ரத்தத்திலிருந்து கெட்ட கொழுப்பு என்று நாம் சொல்லும் எல்.டி.எல்.-ஐப் பிடிக்கும் ஏற்பி. பிறவியிலேயே கொலஸ்ட்ரால் மிக அதிகமாக இருந்த ஒரு நோயாளியின் செல்களில் ஏற்பி இருந்தது, கொழுப்பும் ஒட்டியது, ஆனால் உள்ளே போகவில்லை. ஏற்பிகள் குழியில் கூடாமல் மேற்பரப்பெங்கும் சிதறிக் கிடந்தன. பின்னால் பார்த்தால், ஏற்பியின் உட்புற வாலில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது. டைரோசின் இருக்க வேண்டிய இடத்தில் சிஸ்டீன். ஒரு எழுத்துப் பிழைக்கு இவ்வளவு பெரிய தண்டனை. 1985-இல் இருவருக்கும் நோபல்.

ஆனால் எல்.டி.எல். ஏற்பியின் வாழ்க்கை வேறு மாதிரி. அது கொழுப்பை உள்ளே இறக்கிவிட்டுத் திரும்ப மேலே வந்துவிடும். ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம், ஏறத்தாழ இருபது மணி நேர ஆயுள். டவுன் பஸ் மாதிரி. உள்ளே போன பையில் லேசான அமிலம் ஏறும்போது கொழுப்பு கழன்றுவிடுகிறது. வெற்று ஏற்பி திரும்புகிறது. இன்சுலின் ஏற்பியும் பெரும்பாலும் இப்படித் திரும்புவதுதான். இன்சுலின் ஓயாமல் இருந்தால்தான் அழிவு அதிகமாகிறது. வளர்ச்சிக் காரணியோ அந்த லேசான அமிலத்தில் எளிதாகக் கழலாது. ஏற்பியோடு சேர்ந்தே அரைபடப் போகிறது.

எது திரும்ப வேண்டும், எது அரைபட வேண்டும் என்று செல்லுக்கு எப்படித் தெரியும்? 1996-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் லிண்டா ஹிக்கே, ஹோவார்ட் ரீஸ்மன் இருவரும் ரொட்டி ஈஸ்ட்டில் பதில் கண்டார்கள். ஈஸ்ட்டுக்கும் இணை தேடும் ஹார்மோன் உண்டு, அதற்கு ஏற்பியும் உண்டு. ஹார்மோன் வந்து சேர்ந்ததும் ஏற்பியின் வாலில் யுபிக்விட்டின் என்ற 76 அமினோ அமிலப் புரதம் ஒன்றைச் செல் கட்டுகிறது. கசாப்புக் கடைக்குப் போகும் ஆட்டுக்கு மையால் குறி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது போல. அந்தக் குறி உள்ளவை உள்விழுங்கப்பட்டு அழிகின்றன.

மனித செல்லில் வளர்ச்சிக் காரணியின் ஏற்பிக்கு அந்தக் குறியை வைப்பது சிபிஎல் என்ற புரதம். இதன் வெட்டுப்பட்ட குட்டை வடிவம் ஒன்று எலிக்குப் புற்றுநோய் தரும் வைரஸில் உண்டு. 1998-இல் இஸ்ரேலில் வைஸ்மன் நிறுவனத்தில் யோசெஃப் யார்டன் குழு இரண்டையும் ஒப்பிட்டது. முழு வடிவம் ஏற்பியை லைசோசோமுக்கு அனுப்பியது. வைரஸின் குட்டை வடிவமோ அதே ஏற்பியைத் திரும்ப மேற்பரப்புக்கு அனுப்பியது. 'வளர், வளர்' என்ற கட்டளை ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தால் செல் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

உள்ளே போவதே செய்தி சொல்லத்தானோ என்று 1970-களில் ஒரு விவாதம் இருந்தது. அது முழுக்க வீண் இல்லை. உள்ளே போன பிறகும் ஏற்பியின் வால் சிறிது நேரம் செய்தி அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. பைக்குள் இன்னொரு சிறு பையாக அதைச் சுருட்டி, வாலையும் மூடிவிட்ட பிறகுதான் பேச்சு நிற்கிறது.

உறவினர்களுக்காகக் கடைசியாக ஒன்று. நம் குடும்பத்தில் ஒரு பெரியவருக்கு ப்ராஸ்டேட் புற்றுநோய்க்கு ஊசி போட்டபோது வீட்டில் பெரிய வாக்குவாதம். ஆண் ஹார்மோனைக் குறைக்க வேண்டும் என்கிறார்கள். போடும் ஊசியோ ஆண் ஹார்மோனைத் தூண்டும் வகை என்று காகிதத்தில் எழுதியிருக்கிறது, மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டார்களா என்று. மாற்றவில்லை. மூளையின் ஹைப்போதலாமஸ் சுரக்கும் ஒரு ஹார்மோன், பிட்யூட்டரியைத் தூண்டி அதன் வழியாக விரையை வேலை வாங்குகிறது. யாலோவோடு 1977 நோபலைப் பகிர்ந்த ஷாலி, கியெமன் ஆகியோர் பிரித்தெடுத்தவற்றில் ஒன்று அது. 1978-இல் பிட்ஸ்பர்க்கில் எர்ன்ஸ்ட் நோபில் குழு, ரீசஸ் குரங்குகளுக்கு அதை மணிக்கு ஒருமுறை சில நிமிடம் மட்டும் கொடுத்தபோது பிட்யூட்டரி நன்றாக வேலை செய்தது. அதையே இடைவிடாமல் செலுத்தியபோது பிட்யூட்டரி அடங்கிவிட்டது. தொடர்ந்து தட்டினால் அங்கும் ஏற்பிகள் குறைகின்றன, உள்ளே செய்திப் பாதையும் மந்தமாகிறது. இந்தக் குணத்தைப் பயன்படுத்தும் லூப்ரோலைடு என்ற மருந்துக்கு 1985-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நம் பெரியவருக்குப் போட்டதும் அந்த வகைதான்.

ஆனால் ஏற்பிகள் ஊசி போட்ட அன்றே மறைவதில்லை. முதல் ஒன்றிரண்டு வாரம் தூண்டல்தான் நடக்கும். ஆண் ஹார்மோன் ஏறிவிட்டுத்தான் இறங்கும். எலும்பில் பரவியிருப்பவர்களுக்கு அந்த நாட்களில் வலி கூடலாம். அதைத் தடுக்கத்தான் தொடக்கத்தில் டாக்டர் கூடவே இன்னொரு மாத்திரையும் எழுதித் தருகிறார். அதை விட்டுவிடாமல் கொடுங்கள்.